அத்தோவுக்கு பாஸ்போர்ட் கேட்ட பொங்கல் விழா கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

எங்க அப்பார்ட்மென்ட் பொங்கல் விழா சாப்பாட்டுக் கமிட்டில இருக்குற அண்ணனுங்க, அக்காங்க, சி பிளாக் மாமி, செகரட்டரி சார் எல்லாருக்கும் வணக்கம்.

வாட்சப் க்ரூப்ல போட்டா நாலு பேர் கை கூப்புற எமோஜி போட்டுட்டு அடுத்த குட்மார்னிங் ஃபார்வர்டுக்குப் போயிடுவீங்க, அதான் எல்லாரும் பாக்குற மாதிரி இங்க எழுதுறேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும், டீ குடிச்சுக்கிட்டே படிங்க. (டீயும் நம்ம ஊர்ச் சமாச்சாரம் இல்ல, அது வேற கதை.)

விஷயம் தெரியாதவங்களுக்கு முதல்ல சொல்லிடறேன். வர்ற பொங்கலுக்கு எங்க கார் பார்க்கிங்ல சாப்பாட்டு ஸ்டால் போடுறாங்க, மொத்தம் 16 டேபிள், எல்லாம் சைவம். நானும் எங்க ஆயா பேர்ல ஒரு டேபிள் கேட்டேன். அத்தோ (பர்மாலேர்ந்து வந்த எங்க ஆயா கையால பிசைஞ்சு குடுக்குற நூடுல்ஸ்), பேஜோ (நம்ம தட்டை மாதிரி ஒண்ணு), வாழைத்தண்டு சூப், முட்டை கிடையாதுன்னு தெளிவா எழுதியே குடுத்தேன். ரெண்டு நாள் கழிச்சு பதில் வருது: "ஸாரி மேடம், இந்த வருஷம் நம்ம கல்ச்சர் ஐட்டம் மட்டும்தான், நூடுல்ஸ், சைனீஸ் எல்லாம் அலவ் பண்ணல, நியூ இயர் பார்ட்டில பாத்துக்கலாம்."

ஆயாவுக்கு 83 வயசு. காது கொஞ்சம் மந்தம், ஆனா இந்த மாதிரி விஷயம் மட்டும் எப்படியோ கேட்டுடும். "இன்னாச்சு, இடம் குடுத்தாங்களா?"ன்னு கேட்டுச்சு. இடம் ஃபுல்லாயிடுச்சு ஆயான்னு சொல்லிட்டேன். சொன்னதுலேர்ந்து எனக்கே ஒரு மாதிரி இருக்கு, அந்தப் பொய்யை வெச்சுக்கிட்டு தூங்க முடியலை, அதான் இந்த மடல்.

லிஃப்ட் பக்கத்துல நீங்க கட்டியிருக்குற பேனரை ஒரு தடவை நின்னு பாருங்க. மேல வள்ளுவர், நடுவுல பொங்கப் பானை, பானையைச் சுத்தி மாலை மாதிரி காஞ்ச மிளகாய், ஒரு ஓரத்துல நல்ல செவப்பா நாலு தக்காளி, இன்னொரு ஓரத்துல முந்திரிப் பருப்பு கொட்டிக் கிடக்கு. கீழ கொட்டை எழுத்துல "2000 ஆண்டு தமிழர் பாரம்பரிய உணவுத் திருவிழா". அந்தப் படத்துல இருக்குற மிளகாய், தக்காளி, முந்திரி மூணுமே 550 வருஷத்துக்கு முன்னாடி நம்ம மண்ணுல ஒரு செடி கூட கிடையாது. கொலம்பஸ் 1492ல அமெரிக்கா பக்கம் போய் இறங்கி, வாஸ்கோ ட காமா 1498ல கோழிக்கோட்டுல வந்து இறங்கி, அதுக்கப்புறம் ஐரோப்பாக்காரன் கப்பல்ல ஒண்ணொண்ணா வந்து சேந்த சரக்கு. வள்ளுவர் மிளகாயைக் கண்ணால பாத்ததே இல்ல சார். அவரைச் சுத்தி மிளகாய் மாலை போட்டுட்டு எங்க ஆயாவை ஃபாரின்னு சொல்றீங்க.

மிளகாய்ங்குற பேரே அதைத்தான் சொல்லுது, மிளகு மாதிரி காரமா ஒரு காய் வந்திருக்கு, என்ன பேர் வைக்கிறது, மிளகு காய், மிளகாய், அவ்ளோதான். அதுக்கு முன்னாடி நம்ம ஆளுங்களுக்குக் காரம்னா மிளகு, திப்பிலி, சுக்கு. சங்கப் பாட்டுல "கறி"ன்னு வந்தா அது மட்டன் இல்ல, மிளகு. யவனங்க (கிரேக்க, ரோமாக்காரங்க) கப்பல்ல பொன்னோட முசிறித் துறைமுகத்துக்கு வந்து கறியை ஏத்திக்கிட்டுத் திரும்புனாங்கன்னு அகநானூறுல இருக்கு. அந்தக் கறிங்குற சொல்லு நாளாவட்டத்துல மிளகைப் போட்டு சமைச்ச பதார்த்தத்துக்குப் போய், அப்புறம் காய்க்குப் போய், இன்னைக்கு ஞாயித்துக்கெழமை கறிக்கடைல வந்து நிக்குது. ஒரு சொல்லே இவ்ளோ ஊர் சுத்தியிருக்கு.

இதெல்லாம் நான் சொல்லி மாமிக்குத் தெரியணும்னு இல்ல. மாமி, உங்காத்துல திவசத்தன்னைக்கு என்ன சமைப்பீங்கன்னு நீங்களே போன வருஷம் மொட்டை மாடில வடாம் காயப்போடும்போது எங்கிட்ட சொன்னீங்க, ஞாபகம் இருக்கா? மிளகாய் கிடையாது, மிளகுதான். தக்காளி கிடையாது, உருளைக்கிழங்கு கிடையாது, கோஸ், கேரட், பீன்ஸ் கிடையாது. வாழைக்காய், பாகக்காய், அவரை, சேனை, இஞ்சி, பயத்தம்பருப்பு, எள்ளு. அந்த ஒரு இலையை விரிச்சு வெச்சா போதும், கப்பல்காரன் வர்றதுக்கு முன்னாடி நம்ம சமையக்கட்டு எப்படி இருந்திருக்கும்னு பாதி தெரிஞ்சிடும். பெரியவங்க சாப்பிட்டுப் பழகினதைத்தான் பெரியவங்களுக்குப் போடணும்னு யாரோ நெனச்சிருக்காங்க. கோயம்பேட்டுல இன்னைக்கும் மூட்டை எறக்குறவரு நாட்டுக்காய் தனி, இங்கிலீஷ் காய் தனின்னுதான் பேசுறாரு. அவருக்குத் தெரிஞ்ச கணக்கு பேனர் அடிச்ச டிசைனருக்குத் தெரியலை, பாவம்.

சரி, உங்க 16 டேபிளுக்கு வருவோம். எல்லாத்தையும் நோண்டப் போறதில்ல, ஆனா சிலது சொல்லாம விட முடியாது.

4ம் நம்பர் கடலை மிட்டாய். கோவில்பட்டிக்காரங்க அதுக்கு 2020ல புவிசார் குறியீடே வாங்கிட்டாங்க, சந்தோஷம், எனக்கும் பிடிக்கும். ஆனா வேர்க்கடலை தென் அமெரிக்காப் பயிரு. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் அதுக்கு என்ன பேரு? மல்லாட்டை. மணிலாக்கொட்டைங்குறதுதான் வாய்ல தேஞ்சு மல்லாட்டை ஆச்சு. மணிலான்னா பிலிப்பைன்ஸ்ல இருக்கே, அதே மணிலா. எந்த ஊர்லேர்ந்து வந்துச்சுன்னு பேர்லயே ஒட்டிக்கிட்டு இருக்கு, யாரும் அதைத் தடுத்து நிறுத்தி "நீ நியூ இயர் பார்ட்டிக்கு வா"ன்னு சொல்லலையே.

ஜவ்வரிசி பாயசம். அசல் ஜவ்வரிசி மலேயா, இந்தோனேசியாப் பக்கம் ஒரு வகைப் பனைமரத்தோட உள்தண்டுல இருக்குற மாவு. ரெண்டாம் உலகப் போர் வந்து அந்த இறக்குமதி நின்னதும் சேலத்துக்காரங்க மரவள்ளிக் கிழங்கு மாவுல உருட்ட ஆரம்பிச்சு அதையே பெரிய தொழிலாக்கிட்டாங்க. அந்த மரவள்ளியும் தென் அமெரிக்கா. அதாவது மலேயாப் பண்டத்துக்கு அமெரிக்காக் கிழங்குல சேலத்துல டூப்ளிகேட் போட்டு, அதுவே ஒரிஜினலா ஆயிடுச்சு! எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். அல்வா பேரு அரபி. ஃபில்டர் காபி ஏமன்லேர்ந்து பாபா புடன் சிக்மகளூர் மலைக்கு ஒளிச்சு எடுத்துட்டு வந்ததா சொல்ற விதை, நம்ம வீடுகள்ல காலைல காபி இல்லாம கண்ணு முழிக்க மாட்டேன்னு ஆரம்பிச்சு நூறு வருஷம் சொச்சம்தான் இருக்கும், அதுவும் பெரியவங்க கெட்ட பழக்கம்னு திட்டத் திட்ட. உருளைக்கிழங்கு போண்டா, தக்காளி ரசம், மிளகாய் பஜ்ஜி, இதுக்கெல்லாம் தனித்தனியா எழுதணுமா? ஏற்கெனவே சொல்லியாச்சு. தக்காளிங்குற பேரு மட்டும் பழசு, அது நம்ம மணத்தக்காளி வகையறாவோட பேரு, புதுசா வந்தவனுக்கு முதல்ல சீமைத்தக்காளின்னு சொல்லி, அப்புறம் சீமை விழுந்து போய் பட்டாவே அவன் பேருக்கு மாறிடுச்சு.

இதுல உச்சம் எது தெரியுமா, பொங்கலேதான். பொங்கல் அன்னைக்கு நம்ம வீட்டுல கண்டிப்பா வாங்குற காய் என்னென்ன? பரங்கிக்காய், சர்க்கரைவள்ளி, மொச்சை, அவரை, கருணை. இதுல பரங்கியும் சர்க்கரைவள்ளியும் அமெரிக்காச் சரக்கு. பரங்கிங்குறது யாரு? பரங்கியன், வெள்ளைக்காரன். நம்ம பரங்கிமலைல இருக்குற அதே பரங்கி. நம்ம பழைய பூசணி வெளுத்துப் போய் சாம்பல் பூத்து இருக்குமே அது, திருஷ்டிக்கு உடைக்கிறது. இவன் மஞ்சளா வந்தான், பரங்கியன் கொண்டாந்தான், பரங்கிக்காய் ஆயிட்டான். மதுரைப் பக்கம் சர்க்கரைப் பூசணின்னு செல்லப் பேரு வேற. வந்தவன் நேரா சாமி முன்னாடி போய் உக்காந்துட்டான். மார்கழி மாசம் வாசல்ல சாணி உருண்டைல பூசணிப்பூன்னு சொல்லி சொருகுறோமே அதுலயும் பரங்கிப்பூ உண்டு. சர்க்கரைப் பொங்கல்ல மேல மிதக்குற முந்திரி பிரேசில்காரன். ஆக 2000 வருஷ ரூலை ஸ்ட்ரிக்ட்டா போட்டா பொங்கப் பானைலேர்ந்தே நாலு ஐட்டத்தைப் பொறுக்கி வெளில வைக்கணும்.

நான் எல்லாமே வெளியூருன்னு சொல்ல வரலை, அது இன்னொரு கோடிக்குப் போறது. மோர்க்குழம்பு டேபிள் போட்டிருக்கீங்களே, அதுக்கு நான் எழுந்து நின்னு கை தட்டுவேன். குறுந்தொகைல 167வது பாட்டு, கூடலூர் கிழார் பாடினது, புதுசா கல்யாணமான பொண்ணு கெட்டித் தயிரைக் கையால பிசைஞ்சு, அதே கையைச் சேலைல துடைச்சுக்கிட்டு, தாளிக்கிற புகை கண்ணுல ஏற ஏற துழாவிப் புளிக்குழம்பு வெச்சிருக்கா, புருஷன் நல்லாருக்குன்னு சாப்பிடுறான், அவ மூஞ்சில மெல்ல ஒரு சந்தோஷம், அவ்ளோதான் பாட்டு. எதையும் நிரூபிக்கிற பாட்டு இல்ல, ஒரு சமையக்கட்டு. அதுல எனக்குப் பிடிச்சது அந்தக் கறை படிஞ்ச சேலைதான், எங்க ஆயா சேலையும் அப்படித்தான் இருக்கும்.

ஆனா இட்லிக்கு மட்டும் சங்க காலம்னு ஃபார்வர்டு அனுப்பாதீங்க. இட்லின்னு அடையாளம் தெரியுற மாதிரி பேரு முதல்ல வர்றது கன்னடத்துல, சுமார் 920ம் வருஷம் எழுதின வட்டாராதனேல "இட்டலிகெ"ன்னு. அப்புறம் 1130 வாக்குல சாளுக்கிய ராஜா சோமேஸ்வரன் எழுதின மானசோல்லாசத்துல "இட்டரிகா". அதுல உளுந்து மட்டும்தான் இருக்கு, அரிசி சேக்குறதும் இல்ல, மாவை ராத்திரி பூரா புளிக்க விடுறதும் இல்ல. இப்ப நாம சாப்பிடுற பஞ்சு இட்லி அப்புறமா எங்கயோ யாரோ பண்ணிப் பாத்து வந்தது. இந்தோனேசியாலேர்ந்து அந்தப் புளிக்க வைக்கிற வித்தை வந்திருக்கலாம்னு உணவு வரலாறு எழுதின அச்சயா ஒரு ஊகம் சொன்னாரு, ஊகம்தான், நான் அதுல சத்தியம் பண்ண மாட்டேன்.

இட்லிக்கு போடுற உளுந்து எங்கேர்ந்து வருதுன்னு நம்ம தெரு முனை மளிகைக்கடை அண்ணாச்சியைக் கேட்டிருக்கீங்களா? நான் கேட்டேன். "நாட்டு உளுந்தா, பர்மா உளுந்தா, எது வேணும்?"னு திருப்பிக் கேட்டாரு. இந்தியா வெளிநாட்டுலேர்ந்து வாங்குற உளுந்துல பெரும்பங்கு பர்மா, அதாவது மியான்மர்லேர்ந்துதான் வருது. உங்க 1ம் நம்பர் டேபிள் இட்லிலயும் வடையிலயும் பாதி ஐராவதி ஆத்தங்கரை மண்ணு இருக்கலாம். உளுந்து மூட்டை வந்தா பாரம்பரியம், அதே ஊர்லேர்ந்து தமிழச்சி ஒருத்தி கையில ஒரு பண்டத்தோட வந்தா ஃபாரின் ஐட்டமா?

இதைச் சொல்லத்தான் இவ்ளோ சுத்தி வந்தேன்.

பர்மா 1937 ஏப்ரல் 1 வரைக்கும் பிரிட்டிஷ் இந்தியாவோட ஒரு மாகாணம். ராமநாதபுரம், தஞ்சாவூர், செட்டிநாடு, ஆற்காடு ஜில்லான்னு நம்ம ஜனம் கப்பலேறி ரங்கூனுக்குப் போச்சு. செட்டியாருங்க வட்டிக்கடை வெச்சாங்க, கூலிக்குப் போனவங்க நாத்து நட்டாங்க, மூட்டை தூக்கினாங்க, ரிக்‌ஷா இழுத்தாங்க. 1931 சென்சஸ்ல ரங்கூன் ஜனத்தொகைல பாதிக்கு மேல இந்தியாக்காரங்க. அங்க விளைஞ்ச அரிசி ரங்கூன் அரிசின்னு மெட்ராஸுக்கு வந்துச்சு, நம்ம தாத்தா பாட்டிங்க அதைத்தான் வடிச்சு சாப்பிட்டாங்க. 1942ல ஜப்பான்காரன் பர்மாவைப் புடிச்சதும் அந்த அரிசி நின்னுபோச்சு, இங்க ரேஷன் வந்துடுச்சு. அந்தப் போர்க்காலத்து அரிசிப் பஞ்சத்துல அரிசிக்குப் பதிலா ரவையைப் போட்டுப் பாத்ததுதான் ரவா இட்லின்னு பெங்களூர் மாவள்ளி டிபன் ரூம்காரங்க சொல்லுவாங்க. உங்க லிஸ்ட்ல 7ம் நம்பர் ரவா இட்லி இருக்கு. பர்மா அரிசி வராததால பொறந்த இட்லிக்கு டேபிள் உண்டு, பர்மாலேர்ந்து வந்த அத்தோவுக்குக் கிடையாது!

அந்த 1942லதான் லட்சக்கணக்கான ஜனம் காடு மலைன்னு நடந்தே இந்தியாவுக்கு வந்துச்சு, வழில செத்தவங்க கணக்கு சரியா யாருகிட்டயும் இல்ல. எங்க ஆயா அந்த வருஷம்தான் பெகுவுல பொறந்துச்சு. அவங்க அப்பா நடக்க வேணாம்னு முடிவு பண்ணி அங்கயே தங்கிட்டாரு. வயல் வேலை. ஆயாவுக்குத் தமிழ் வீட்டுல, பர்மீஸ் தெருவுல. 1962 மார்ச்ல நீ வின் ராணுவ ஆட்சியைக் கொண்டாந்தாரு, கடை கண்ணி எல்லாம் அரசாங்கமே எடுத்துக்கிச்சு, 1964 மே மாசம் 50, 100 சாட் நோட்டு செல்லாதுன்னு ஒரே நாள்ல அறிவிச்சாங்க. அப்புறம் என்ன, கப்பல் கப்பலா மெட்ராஸ். ஆயாவுக்கு 22 வயசு, கைல ஒரு வயசுப் பொண்ணு (எங்க அம்மா). ரங்கூன் துறைமுகத்துல செக் பண்றவன் காதுல கெடந்த கம்மலைக் கழட்டி வாங்கிக்கிட்டான், பித்தளை அண்டாவை எறக்கி வெச்சுட்டான். "பேஜோ சுடத் தெரிஞ்ச கையை மட்டும் வுட்டுட்டான் பொறம்போக்கு"ன்னு சொல்லிட்டு ஆயா இப்பவும் சிரிக்கும்.

இங்க வந்தா எல்லாரும் வாங்க வாங்கன்னு மாலை போட்டு வரவேத்தாங்கன்னு நெனைக்காதீங்க. பர்மா அகதி. சொந்த ஊர்க்காரனே அப்படித்தான் கூப்பிட்டான். கேம்ப்ல கொஞ்ச நாள், அப்புறம் வியாசர்பாடி. சில பேர் மனசு கேக்காம திரும்பி பர்மாவுக்கே போயிடலாம்னு மணிப்பூர் வரைக்கும் போய், எல்லைல உள்ள விடாம, அங்க மோரேங்குற ஊர்லயே தங்கி, இன்னைக்கும் அங்க ஒரு தமிழ்ச் சனம் கோயில் கட்டிக்கிட்டு வாழுது. சென்னைல தங்கினவங்களுக்கு 1969ல பீச் ஸ்டேஷன் எதிர்ல பர்மா பஜார் வந்துச்சு. எங்க தாத்தா அங்க ஒரு கடைல வேலைக்கு நின்னாரு, ஆயா பக்கத்துத் தெருல சாயங்காலம் ஒரு ஸ்டூலு, ஒரு பேசின், ஒரு ஸ்டவ்வோட உக்காந்துச்சு. அந்தப் பேசின்லதான் எங்க அம்மா படிச்சாங்க, நான் படிச்சேன், இந்த அப்பார்ட்மென்ட் வீட்டுக்கு நாங்க போட்ட அட்வான்ஸ் வரைக்கும் அந்தப் பேசின்தான்.

அத்தோன்னா என்னன்னு தெரியாமலே சைனீஸ்னு சொல்லிட்டீங்க, அதனால அதையும் சொல்லிடறேன். பர்மாக்காரங்க மொழில அத்தோன்னா கையால கலக்குறது, பிசையறது, அவ்ளோதான். சோத்துலயும் பண்ணுவாங்க, காய்லயும் பண்ணுவாங்க. நூடுல்ஸ் கொஞ்சம் தடியா, ஆரஞ்சு கலர்ல இருக்கும், அது அவிச்சு ஆறினது, வாணல்ல போட்டு டகடகன்னு வதக்குற சமாச்சாரமே கிடையாது. பேசின்ல ஒரு கை நூடுல்ஸ், முடி மாதிரி மெல்லிசா சீவின முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், கருக கருகப் பொரிச்ச வெங்காயம், பொரிச்ச பூண்டு, அந்தப் பூண்டு பொரிச்ச எண்ணெய் ஒரு கரண்டி, வறுத்து இடிச்ச மிளகாத்தூள், பொட்டுக்கடலை மாவு, உப்பு, புளித்தண்ணி. மேல பேஜோவை நொறுக்கிப் போடுவாங்க, பேன்னா பயறு, ஜோன்னா பொரிச்சது, நம்ம தட்டைக்கு ஒண்ணு விட்ட தங்கச்சி. கடைசில எலுமிச்சம்பழம் பிழிஞ்சு, அஞ்சு விரலால பிசையணும். ஆயா பிசையும்போது பாத்திருக்கேன், நூடுல்ஸை அமுக்காது, கீழேர்ந்து தூக்கித் தூக்கி விடும், பொண்ணுக்குத் தலை வாருற மாதிரி. புளித்தண்ணி பத்தலைன்னு நாக்குல வைக்காமலே கைல படுற ஈரத்தை வெச்சே சொல்லிடும். எனக்கு இன்னும் அந்த அளவு வரலை, என்னோடது ஒரு நாள் சொதசொதன்னு இருக்கும், இன்னொரு நாள் தொண்டைல அடைக்கும்.

கூட ஒரு டம்ளர் சூப். பர்மால அது மொய்ங்கா, மீன் போட்டு வாழைத்தண்டு போட்டு கொதிக்க விடுறது, அங்க காலை டிபனே அதுதான். மெட்ராஸுக்கு வந்ததும் மீன் போயி வாழைத்தண்டு மட்டும் நின்னு, மிளகும் பூண்டும் ஏறி, பாத்தா ரசத்துக்கும் சூப்புக்கும் நடுவுல ஒண்ணா ஆயிடுச்சு. பீச் ஸ்டேஷன் பக்கத்துல அத்தோ வாங்கினா அதை இலவசமாவே ஊத்துவாங்க. ரங்கூன்ல போய் நம்ம ஊர் அத்தோவைக் காட்டினா அவங்களே "இது எங்களது இல்லையே"ன்னுதான் சொல்லுவாங்கன்னு ஆயா சொல்லும். அவங்களும் இல்லைங்குறாங்க, நீங்களும் இல்லைங்குறீங்க, அப்புறம் அது யாரோடது?

உங்க பக்கத்து நியாயத்தையும் நான் யோசிக்காம இல்ல. நூடுல்ஸ் மூலம் சீனாதான், அதை நான் மறைக்கலை. அத்தோல போடுற முட்டைக்கோஸும் வெள்ளைக்காரன் கொண்டாந்த இங்கிலீஷ் காய்தான். பக்கத்து அப்பார்ட்மென்ட்ல பாஸ்தா ஸ்டாலும் மோமோவும் போட்டு, பொங்கலே தெரியாம பொங்கல் நடத்தினாங்க, அந்த மாதிரி ஆயிடக் கூடாதுன்னுதான் ரூல் போட்டோம்னு செகரட்டரி சார் சொன்னது எனக்குப் புரியுது, அந்தக் கவலை எனக்கும் உண்டு, என் பையன் பொங்கலைத் தொடாம மோமோ தேடுறவன். ஆனா பாஸ்தாவுக்கும் அத்தோவுக்கும் வித்தியாசம் இருக்கு சார். பாஸ்தா ஒரு கம்பெனி பாக்கெட்ல வந்துச்சு. அத்தோ ஒரு ஆயா கூட வந்துச்சு.

கடைசியா ஒண்ணு, பேனர்ல பானைக்கு ரெண்டு பக்கமும் நிக்குதே கரும்பு, அதைப் பத்தி. புறநானூறு 99, ஔவையார் பாட்டு, அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடுறாங்க. அவனோட முன்னோருங்க பெருமையைச் சொல்லும்போது, கிடைக்கிறதுக்கு அரிதான கரும்பை இங்க கொண்டாந்து குடுத்தவங்கன்னு சொல்றாங்க. அந்தக் காலத்துலயே கரும்பு வேற எங்கயோ இருந்து வந்ததுன்னு நம்மாளுங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் மறைக்கலை, கொண்டாந்தவனைப் பாட்டுல வெச்சுப் பாடியிருக்காங்க. எங்க ஆயாவுக்குப் பாட்டெல்லாம் வேணாம், நாலடிக்கு ரெண்டடி ஒரு டேபிள் போதும்.

பேனர்ல இருக்குற மிளகாயை எடுக்கச் சொல்லலை, நல்லாத்தான் இருக்கு. அந்த 2000ஐ மட்டும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி மறைச்சுடுங்க, டிசைனருக்கு மறுபடி காசு குடுக்க வேணாம். டேபிள் ஜெனரேட்டர் பக்கமா இருந்தாலும் பரவால்ல, ஸ்டவ் வேணாம், எல்லாம் வீட்டுலயே பொரிச்சு எடுத்துட்டு வந்துடுவோம், சூப்புக்கு மட்டும் ஒரு ப்ளக் பாயின்ட் குடுங்க. விலை எவ்ளோ வைக்கணும்னு நீங்களே சொல்லுங்க, ஆயா ஃப்ரீயாவே குடுக்கணும்னுதான் சொல்லுது, அதை நான் சமாளிச்சுக்குறேன்.

போகிக்கு மூணு நாள் முன்னாடியாவது பதில் சொல்லிடுங்க. ஆரஞ்சு நூடுல்ஸுக்கு பாரிஸ் கார்னர்ல சொல்லி வைக்கணும், பூண்டு உரிக்கவே எங்களுக்கு ஒரு நாள் ஆகும்.

பி பிளாக் மூணாவது மாடி, லிஃப்ட்டுக்கு இடது பக்க வீடு. பதில் எழுதச் சோம்பலா இருந்தா நேராவே வாங்க, ஆயா சாயங்காலம் நாலு மணிக்கு மேல முழிச்சுத்தான் இருக்கும்.